நிலா வெளிச்சக் கிராமம் ஏன் நீலச் சாயத்தில் தோய்த்தெடுத்ததுபோல் ஆகிவிடுகிறது?

கேள்வியின் சாரம் இது: 18க்கு 24 அங்குலக் கேன்வாஸில் அக்ரிலிக்கால் ஒரு பௌர்ணமி இரவுக் கிராமம். கூரையில் ஒவ்வொரு ஓட்டுக்கும் கோடு போட்ட நாலு வீடு, ஒரு குளம், தென்னை, பனை, மேலே முழுநிலா. முடித்துப் பார்த்தால் படம் முழுக்க நீலம். நிலா வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது. சுவர்கள் சாக்பீஸ் தேய்த்ததுபோல் வெளிறிக் கிடக்கின்றன. எந்த நீலம் வாங்கினால் சரியாகும்?

எந்த நீலமும் வாங்க வேண்டாம். நிலவொளியைப் படத்தில் கொண்டுவருவது நிறம் அல்ல, டோன். எது எவ்வளவு இருட்டு, எது அதைவிட ஒரு பிடி வெளிச்சம் என்ற கணக்கு சரியாக இருந்தால் வெறும் பழுப்பும் சாம்பலும் கொண்டே பௌர்ணமியைக் காட்டிவிடலாம். அந்தக் கணக்கு தவறினால் உலகத்திலுள்ள எல்லா நீலமும் சேர்ந்தாலும் காப்பாற்றாது.

நிலா தருவது சூரியனிடமிருந்து வாங்கிய ஒளிதான். தன்மேல் விழுவதில் ஏறத்தாழ 12 சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளி வெயிலைவிடச் சற்று மஞ்சள் பக்கம் சாய்ந்ததே தவிர நீலம் அல்ல. நீலம் இருப்பது நம் கண்ணில். முழுநிலவின் ஒளி வெயிலைவிட சுமார் 4 லட்சம் மடங்கு மங்கலானது. அந்த அளவில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிட, குச்சி செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. குச்சி செல்களுக்குச் சிவப்பு தெரியாது. பச்சை, நீலப் பக்கம்தான் கூர்மை. ஒளி குறையக் குறையச் சிவப்பு கறுத்து, பச்சையும் நீலமும் ஒப்பீட்டளவில் தெளிவதை 1819இல் பூர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் கவனித்துச் சொன்னார்.

ஓவியனுக்கு இதிலிருந்து கிடைப்பவை கைமேல் பலன் தருபவை. பகலில் செக்கச்செவேல் என்றிருக்கும் ஓட்டுக்கூரை நிலவில் கிட்டத்தட்டக் கறுப்பு. அதில் சிவப்பு போட்டால் அந்த இடம் மட்டும் பகலாகிவிடும். வாழையும் தென்னையும் ஓட்டைவிடச் சற்று வெளிறித் தெரியும். குச்சி செல்களுக்கு நுணுக்கம் பார்க்கும் திறனும் குறைவு என்பதால் ஓடு ஓடாக, இலை இலையாக வரைந்த படம் இரவாகாது. கேள்வியில் உள்ள படத்தில் கூரையின் ஒவ்வொரு ஓட்டுக்கும் கோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீலத்தைவிட அதுதான் பெரிய குற்றவாளி.

போனில் எடுத்த இரவுப் படத்தைப் பார்த்து வரைவதும் இதே காரணத்தால் கெடுதல். நைட் மோடு பல நொடிகளின் ஒளியைச் சேர்த்து, நிறத்தையும் ஏற்றி, பகல் மாதிரி ஒரு படத்தைக் கொடுக்கும். அதற்குப் பதில் மாலை நாலரை மணி வாக்கில் வெயிலுக்கு எதிரே நின்று அதே தெருவை எடுங்கள். வானத்தில் சூரியனும் நிலாவும் ஒரே அளவு, அரை பாகை. அதனால் நிழல் விழும் விதமும் ஒன்றே. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இரவுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

இனி நிலா இருக்கும் இடம். பெரும்பாலான கிராமத்து இரவுப் படங்கள் சறுக்குவது இங்கேதான். நிலா வானத்தில் தெரிகிறது என்றால் நாம் ஒளியைப் பார்த்து நிற்கிறோம். அப்படியானால் நம் பக்கம் திரும்பிய சுவர்கள் எல்லாம் நிழலில் இருக்க வேண்டும், நிழல்கள் நம்மை நோக்கி நீள வேண்டும். கூரையின் முகடு, வைக்கோல்போரின் விளிம்பு, மாட்டின் முதுகு, மண்சாலை, குளம் இவை மட்டுமே ஒளி வாங்கும். நிலாவையும் பின்னால் போட்டு, முன்சுவரையும் வெள்ளையாக்கினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்று படும். நிலா ஒட்டவைத்ததுபோல் தெரிவதற்குக் காரணமும் இதுவே. வெள்ளையடித்த சுவர் பளீரென்று தெரிய வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் நிலாவைப் படத்துக்கு வெளியே, இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளிவிடுங்கள்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தபின் நேரத்தையும் பார்க்க வேண்டும். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும், மணிக்கு சுமார் 15 பாகை நகரும். 60 செ.மீ. அகலப் படத்தில் 45 பாகை அகலக் காட்சியை அடக்கி, தொடுவானத்தை அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்தால், படத்தின் மேல்விளிம்பே 22 பாகை உயரம்தான். ஆக, எழும் நிலா தெரியும் படம் என்றாலே மணி ஏழரை, எட்டுக்கு மேல் இல்லை. ஊர் இன்னும் விழித்திருக்கும். திண்ணையில் ஆள் இருக்கலாம், அடுப்பங்கரையில் வெளிச்சம் இருக்கலாம். நடுச்சாமத்தில் நிலா தலைக்கு மேலே போய்விடும். மார்கழிப் பௌர்ணமியில் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கே வந்துவிடும்; நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். ஆனி மாதப் பௌர்ணமியில் தெற்கே சாய்ந்து, நடு இரவிலும் 55 பாகை அளவில்தான் நிற்கும்.

நிழலின் நீளமும் இதன்படிதான். நிலா 20 பாகை உயரத்தில் இருந்தால் 2 மீட்டர் சுவருக்கு ஐந்தரை மீட்டர் நிழல். 45 பாகையில் சுவரும் நிழலும் சமம். 60 பாகையில் நிழல் சுவரில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. கூரையின் விளிம்பான இறவாணத்தின் நிழல் சுவரில் கூர்மையாக விழும். தென்னையின் உச்சியிலிருந்து வரும் நிழலின் ஓரம் 10 மீட்டர் தூரத்துக்கு 9 செ.மீ. அளவு மங்கும். அதனால் தரையில் மட்டை நிழலை மை கொட்டியதுபோல் வெட்டி வரையாமல், ஈரத்திலேயே ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள்.

கோயிலைச் சேர்ப்பதானால் இன்னொரு கண்ணி இருக்கிறது. பெரும்பாலான கோயில்கள் கிழக்கு பார்த்தவை. எழும் நிலாவைப் பார்த்து நின்றால் நமக்குத் தெரிவது கோயிலின் முதுகு. கோபுரத்தின் முகமும் அதன் பின்னால் நிலாவும் வேண்டும் என்றால் அது மேற்கே இறங்கும் நிலா, விடிகாலை ஐந்து மணி சுமாருக்கு. அதை மார்கழியாக வைத்து, வாசலில் கோலம் போடுகிறவர்களைச் சேர்த்தால் படம் எங்கோ போய்விடும். ஆனால் கோபுரத்தின் முகம் நிழலில்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

நிலாவின் அளவு: மேலே சொன்ன காட்சி அகலத்துக்கு 60 செ.மீ. கேன்வாஸில் நிலாவின் விட்டம் 7 மி.மீ.! நம்ப முடியாது, ஆனால் கணக்கு அதுதான். கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் என்பதால் 12, 14 மி.மீ. வரை தாராளமாகப் போகலாம். தம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டால் அது நிலா அல்ல, பலூன். முழுநிலவைப் பந்துபோல் ஓரத்தில் நிழல் கொடுத்து உருட்டவும் கூடாது. நிலாத்தரையின் தூசு ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் குணம் கொண்டது. அதனால் முழுநிலா நடுவிலும் ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில், தட்டையான தட்டாகத் தெரியும். உள்ளே இரண்டு மூன்று மங்கிய திட்டுகள் போதும். கீழ்வானத்தில் இருக்கும்போது அதன் நிறம் வெள்ளை அல்ல, சோளமாவின் மஞ்சள்.

இப்போது டோன். கறுப்பை 1, வெள்ளையை 10 என்று வைத்து ஒரு அட்டைத் துண்டில் பத்துக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நிலா 10. அதற்கு அடுத்து விளக்கு எரியும் சன்னல், 7. நிலவு விழும் வெள்ளைச் சுவர் 5 முதல் 6. ஒளி வாங்கும் மண்சாலை 4. நிலாவை ஒட்டிய வானம் 4, தள்ளிப் போகப்போக 3, மூலையில் 2. நிழலில் உள்ள சுவர் 2 முதல் 3. மரக்கூட்டம் 1 முதல் 2. 9, 8 இரண்டும் காலியாக இருக்கட்டும். நிலா ஒளிர்வதே அந்தக் காலியிடத்தால்தான். கேன்வாஸ் பரப்பில் முக்கால் பங்கு 4க்குக் கீழே அடங்க வேண்டும். சாக்பீஸ் சுவர் ஏன் வந்தது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். பகலில் அந்தச் சுவர் 9. இரவிலும் வெள்ளைதானே என்று 8 வைத்திருப்பீர்கள். வண்ணத்தைத் தொடுமுன் 8க்கு 6 செ.மீ. அளவில் மூன்று பென்சில் சிறுபடங்கள், மூன்றே டோனில் போட்டுப் பாருங்கள். அதில் இரவு வராவிட்டால் கேன்வாஸிலும் வராது.

வண்ணங்கள் ஐந்து போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, டைட்டானியம் வெள்ளை. ட்யூபிலுள்ள கறுப்பைத் தவிர்ப்பது நல்லது. அது சேர்ந்த எல்லாவற்றையும் ஒரே மாதிரி செத்த சாம்பலாக்கிவிடும். தாலோ நீலத்தையும் பிரஷ்யன் நீலத்தையும் இந்தப் படத்துக்கு மூடி வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரு துளி விழுந்தாலே மொத்தக் கலவையையும் பிடித்துக்கொள்ளும் வீரியம் கொண்டவை. நீலச் சாயத்தில் தோய்த்தெடுத்த தோற்றத்துக்குப் பல நேரம் அவைதான் மூலம்.

முதலில் ஒரு தாய்க்கலவை: அல்ட்ராமரைன் 2 டீஸ்பூன், பர்ன்ட் அம்பர் 1 டீஸ்பூன். இது கறுப்புக்கு அருகில் நிற்கும், ஆனால் உயிருள்ள இருட்டு. அம்பர் கூடினால் வெதுவெதுப்பு, நீலம் கூடினால் குளிர்ச்சி. இதில் மூன்றில் ஒரு பங்கை மூடியுள்ள டப்பாவில் அப்படியே ஒதுக்கி வையுங்கள். மீதியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெள்ளையைச் சிறிது சிறிதாகக் கூட்டி 2, 3, 4 டோன்களுக்குக் கொண்டுவாருங்கள். 4இல் மட்டும் ஒரு சிட்டிகை ஓக்கர். அது லேசான பச்சை கலந்த சாம்பலாக மாறும். நிலாவைச் சுற்றிய வானத்துக்கு அந்தப் பச்சைச் சாம்பல்தான் வேண்டும். படத்திலுள்ள எல்லா நிறமும் இந்த ஒரே தாயின் பிள்ளைகளாக இருப்பதால் ஒன்றோடொன்று சண்டை போடாது.

அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். ஈரத்தில் பால்போல் இருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் வரும் மாற்றம் இது. பகல் படத்தில் இதைத் தாங்கலாம். 2க்கும் 3க்கும் வித்தியாசம் காட்ட வேண்டிய இரவுப் படத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கலவையையும் அட்டையில் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, பத்துக் கட்டத்தோடு ஒப்பிட்ட பிறகே கேன்வாஸுக்குக் கொண்டு போகவும். அறையில் நல்ல வெளிச்சமும் தேவை. மங்கிய விளக்கில் தீட்டினால் கை தானாக வெளிறிய டோனுக்குப் போகும், காலையில் பார்த்தால் படம் பகலாக நிற்கும்.

கேன்வாஸுக்கு முதலில் பர்ன்ட் அம்பரை நாலு மடங்கு தண்ணீரில் கரைத்து முழுக்க ஒரு பூச்சு. இந்தப் பழுப்பு மேலே வரும் குளிர்ந்த பூச்சுகளின் இடுக்கில் எட்டிப் பார்க்கும். இரவுக்கு மண்வாசம் தருவது அதுதான். காய்ந்ததும் சாக்பீஸால் அமைப்பைக் கோடிடலாம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். தரை சமமான ஊரில் நின்று பார்ப்பவரின் கண்மட்டமே தொடுவானம். தெருவில் நிற்கும் ஆட்கள் அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் தலைகள் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் வரும். தாழ்ந்த கூரைவீட்டின் இறவாணமும் அங்கேயே.

வானத்தை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும்; பாதியில் நின்றால் பட்டை பட்டையாகத் தெரியும். கேன்வாஸில் முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, வண்ணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, 2 அங்குலத் தட்டைத் தூரிகையால் நிலா இருக்கும் இடத்திலிருந்து வெளியே 4, 3, 2 என்று போங்கள். சேருமிடங்களைக் காய்ந்த மெத்தென்ற தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாக வருடினால் கோடு கரையும். ரிடார்டர் அளவு மீறினால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். காய்ந்தபின் இரண்டாவது பூச்சில் அடங்கிவிடும்.

நட்சத்திரத்துக்குப் பல்துலக்கும் பிரஷால் வெள்ளையைத் தெளிக்கும் பழக்கத்தை இந்தப் படத்தில் விட்டுவிடுங்கள். பௌர்ணமி வானத்தில் நட்சத்திரம் மிகக் குறைவு, நிலாவுக்கு அருகில் இல்லவே இல்லை. மூலையில் ஐந்தாறு, அதுவும் டோன் 5க்கு மேல் போகாமல். மேகம் போட்டால் நிலாவைப் பார்க்கும் விளிம்பு மட்டும் ஒளிரட்டும். நிலாவைச் சுற்றி வட்டம் வரைய ஆசைப்படுவோர் கவனிக்க: ‘எட்ட வட்டம் கிட்ட மழை’ என்று ஊரில் சொல்வார்களே, அந்த எட்ட வட்டம் உயரத்து மேகத்தின் பனித்துகள்களால் 22 பாகை ஆரத்தில் வருவது. உங்கள் கேன்வாஸில் அதன் ஆரம் 29 செ.மீ., படத்துக்குள் அடங்காது. நிலாவை ஒட்டிய சின்ன வளையம் நீர்த்துளிகளால் வரும் வேறொன்று. அதற்குத் தெளிந்த ஓரம் கிடையாது, வெளியே பழுப்பாகக் கரையும்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். தூரத்து மரவரிசை டோன் 2, வானத்தோடு பாதி கரைந்த ஓரம். வீடுகளை முதலில் முழுக்க நிழல் டோனில் நிரப்பிவிட்டு, ஒளி விழும் இடத்தை மட்டும் பிறகு எடுங்கள். நிலவுபட்ட சுவருக்கு வெள்ளை 4 பங்கு, தாய்க்கலவை 1 பங்கு, ஓக்கர் ஒரு துளி என்று தொடங்கி, 6ஐத் தாண்டினால் தாய்க்கலவையைக் கூட்டுங்கள். சுண்ணாம்புச் சுவர் சீராக இருக்காது; அடிப்பக்கம் மழைச்சேறு தெறித்த பட்டை, சன்னலுக்குக் கீழே ஒழுகிய கறை, இந்த இரண்டும் இருந்தாலே சாக்பீஸ் தோற்றம் போய்விடும். கீற்றுக் கூரைக்கு ஓலை ஓலையாகக் கோடு வேண்டாம். டோன் 2இல் மொத்த உருவம், முகட்டில் காய்ந்த தூரிகையால் டோன் 4ஐ மேலிருந்து கீழாக நாலைந்து இழுப்பு. அதோடு நிறுத்துங்கள்.

பனையும் தென்னையும் இரவில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பனை வானத்தின் மேல் கறுத்த உருண்டையாக நிற்கும். கழுத்தில் காய்ந்த மட்டைகள் தொங்கும். விசிறி இலைகளின் நுனிகள் மட்டும் முள்ளாக நீட்டும். அதன் அழகு நிழலுருவில்தான். தென்னங்கீற்றோ பளபளப்பானது, நிலவு பட்டால் வாள்போல் மின்னும். ஒரு மரத்துக்கு நாலு கீற்றில் மட்டும் நடுநரம்பை ஒட்டிய வளைவில் டோன் 6இல் மெல்லிய கோடு இழுத்தால் போதும். எல்லாக் கீற்றிலும் இழுத்தால் பனி பெய்த மரமாகிவிடும்.

குளத்தில் காற்றில்லை என்றால் நிலாவின் பிம்பம் ஒற்றை வட்டம். தொடுவானத்துக்கு மேலே நிலா எவ்வளவோ, கீழே பிம்பம் அவ்வளவு. சிற்றலை இருந்தால் அந்த வட்டம் உடைந்து நம்மை நோக்கி நீளும் ஒளிப்பாதையாகும். அது எப்போதும் நிலாவுக்கு நேர்கீழே, செங்குத்தாக. சாய்த்து வரைவது பரவலான பிழை. கிடைமட்டமான சின்னச் சின்ன வெட்டுகளால், தூரத்தில் நெருக்கமாகவும் அருகில் வர வர இடைவெளி விட்டும் அதைக் கட்டுங்கள். வெளிச்சமானவற்றின் பிம்பம் ஒரு படி மங்கும், இருட்டானவற்றின் பிம்பம் ஒரு படி வெளிறும்.

விளக்கு ஒன்றே ஒன்று. ஓக்கர், துளி பர்ன்ட் சியன்னா, வெள்ளை. எலுமிச்சை மஞ்சள் கூடாது. படத்திலுள்ள ஒரே வெதுவெதுப்பு அதுவாக இருந்தால், சுற்றியுள்ள சாம்பல் தானாகவே நீலமாகத் தெரியும். நீங்கள் தேடிய நீலம் அங்கேதான் இருக்கிறது. விளக்கொளி தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் வாசலில் விழும் மஞ்சள் ஓரடியிலேயே வேகமாகத் தேயட்டும். தெருவிளக்கை வரையவே வேண்டாம். எல்இடி கம்பத்தின் கீழே நிலவு தோற்றுப்போகும்.

இந்த வகைப் படத்தில் கண்ணைப் பழக்க ஆர்க்கிப் குயின்ஜி என்ற ஓவியரின் படங்களைப் பாருங்கள். மரியுபோலில் பிறந்தவர். 1876இல் அவர் வரைந்த ‘உக்ரைனிய இரவு’ மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளையடித்த குடிசைகள், சுற்றிலும் ஆழ்ந்த இருட்டு, அவ்வளவுதான் படம். அந்தச் சுவர்களை மட்டும் தனியே வெட்டிப் பார்த்தால் எவ்வளவு மங்கலான வண்ணம் என்று புரியும். 1880இல் ‘தினெப்பரில் நிலா இரவு’ படத்தை பீட்டர்ஸ்பர்க்கில் தனியாக, சன்னல்களை மூடி, படத்தின்மேல் விளக்கொளி மட்டும் விழச்செய்து காட்சிக்கு வைத்தார். கேன்வாஸுக்குப் பின்னால் விளக்கு இருக்கிறதா என்று மக்கள் எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அந்தப் படம் பிற்பாடு கறுத்துப்போனது. நிறம் நிலைக்காத வண்ணங்களை இரவுப் படத்தில் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மேலே சொன்ன ஐந்தும் நிலைப்பவை.

கையில் இருக்கும் கேன்வாஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பர்ன்ட் அம்பர் 1 பங்கை கிளேஸிங் மீடியம் (வண்ணத்தை அடியிலுள்ளது தெரியும்படி மெல்லியதாக்கும் திரவம்) 10 பங்கில் கலந்து, நிலாவை மட்டும் விட்டு, முழுப்படத்தின் மேலும் மெல்லியதாக ஒரு பூச்சு. காய்ந்ததும் நீலம் பாதி அடங்கியிருக்கும், போதாவிட்டால் இன்னொன்று. அடர்த்தியாக ஒரே தடவையில் பூசினால் காப்பித் தண்ணீர் கொட்டியதுபோல் திட்டு விழும். முன்சுவர்களில் தாய்க்கலவையை அதேபோல் மீடியத்தில் கரைத்து இரண்டு மூன்று பூச்சு கொடுத்து டோன் 3க்கு இறக்குங்கள், ஏனென்றால் உங்கள் நிலா பின்னால் இருக்கிறது. ஓட்டுக் கோடுகளை டோன் 1ஆல் மூடிவிட்டு முகட்டை மட்டும் எடுங்கள். நிலாவைச் சுற்றி 4 டோன் பச்சைச் சாம்பலை ஒரு கையகலத்துக்குக் கரைத்துவிட்டால் வெட்டி ஒட்டிய ஓரம் மறையும். ஒரு வாரம் காயவிட்டு, பாதிப் பளபளப்புள்ள சாட்டின் வார்னிஷ் அடிக்கவும். வார்னிஷ் இல்லாத இருட்டு வெளிறித் தெரியும், முழுப் பளபளப்பு வார்னிஷோ எதிர்ச் சன்னலைக் காட்டும் கண்ணாடியாகிவிடும். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாமல், பக்கச் சுவரில், மேலிருந்து ஒரு மஞ்சள் விளக்கு விழும்படி மாட்டுங்கள்.